ஓட்டைப் பரிசல்

“பரிசல்ல ஓட்டை! புயல் மூழ்கிட்டான்!” என்று யமுனா கைதட்டினாள்.

மன்சூர் சிரிக்கவில்லை. புயல் அவனுடைய வீரன். பேப்பரில் மீசை வரைந்து, வாள் கொடுத்து, லீவு முழுவதும் ஆசை ஆசையாக வளர்த்த வீரன்.

ஸ்ரீரங்கத்தில் அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் மொட்டைமாடியில் மூன்று பேரும் ஆடும் கதை விளையாட்டு அது. யமுனா கதை சொல்வாள். மன்சூரும் யாழினியும் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்து, என்ன செய்யப் போகிறோம் என்பார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும்.

இன்றைய கதையில் கொள்ளிடத்தில் வெள்ளம். யாழினியின் ராணி நடுத்திட்டில் மாட்டிக்கொண்டாள். அவளை மீட்கத்தான் புயல் பரிசல் ஏறினான்.

“ஓட்டை இருக்குன்னு ஏன் சொல்லல?” என்றான் மன்சூர்.

“நீ கேக்கவே இல்லையே!”

“ஏறி உக்காந்தா கால் நனையாதா? இந்த விளையாட்டுல எனக்குக் கண்ணு, காது எல்லாம் நீதானே!”

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுட்ட யமுனா,” என்றாள் யாழினி.

மன்சூர் எழுந்து போய்விட்டான். மறுநாளும் வரவில்லை. படிக்கட்டில் எதிரே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

‘சரியான அழுகுணி’ என்று யமுனா மனதுக்குள் திட்டினாள். ஆனாலும் சோறு இறங்கவில்லை. ‘எனக்குக் கண்ணு நீதானே’ என்று அவன் சொன்னது நினைவுக்கு வர, கண்ணை மூடிக்கொண்டு படி இறங்கிப் பார்த்தாள். இரண்டாம் படியிலேயே முட்டி சிராய்ந்தது. நொண்டிக்கொண்டே போய் மன்சூர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“புயல் சாகலைன்னு வச்சுக்கலாம்டா.”

“நீ பாவம் பாத்து ஒண்ணும் அவன் பொழைக்க வேணாம்.”

யமுனாவுக்குச் சுருக்கென்றது. “அப்போ பரிசல் ஏறுன இடத்துலேர்ந்து ஆடலாம். சொல்லாம விட்டதைச் சொல்றேன். நீயே முடிவு பண்ணு.”

மீண்டும் மாடியில் மூவரும் உட்கார்ந்தார்கள்.

“பரிசல்ல ஏறுற. உள்ளங்கால் நனையுது. அடியில ஓட்டை. அங்கே திட்டு கரைஞ்சுகிட்டே இருக்கு.”

“துண்டை வச்சு அடைக்கிறேன்.”

“போகும்போது தாங்கும். திரும்பும்போது ஒருத்தரைத்தான் தாங்கும்.”

மன்சூர் நகம் கடித்தான். “போறேன். ராணியை ஏத்தி அனுப்பிட்டு நீந்தி வரேன்.”

“ஆத்தைத் தாண்ட ஆறு விழணும். முன்னாடியே சொல்லிட்டேன்.”

பகடை உருண்டது. இரண்டு.

ராணி கரையேறினாள். புயல் மறுபடியும் மூழ்கினான். யாரும் கைதட்டவில்லை.

“ஸாரிடா,” என்றாள் யமுனா. அவளுக்கும் கண் கலங்கியது.

“எதுக்கு? இந்தத் தடவை தெரிஞ்சுதானே போனேன்.” மன்சூர் மூக்கை உறிஞ்சினான். “பேப்பர் எடு. புயலுக்கு ஒரு தங்கச்சி இருக்கா. அவளுக்கு நீச்சல் நல்லாத் தெரியும்.”