வரேன் என்று சொல்லாமல்

ரெங்கராஜின் கடையிலிருந்து காபிக்கொட்டை வறுபடும் வாசனை வந்தது.

செல்வமேரி நின்றாள். கருகுவதற்குச் சற்று முன்னால், கொட்டை வெடிக்கத் தொடங்கும்போது எழுந்து நாக்கின் அடியில் லேசாகக் கசக்கிற அதே வாசனை. ரெங்கராஜ் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. கடையின் பூட்டில் துரு ஏறியிருந்தது. சாவித் துவாரத்தைச் சிலந்தி வலை மூடியிருந்தது.

பக்கத்துத் தெருவில் யாரோ வறுக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வேகமாக நடந்தாள். குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் சிமெண்டுத் தரையில் அவள் பின்னால் கோடாக வந்தது.

மெயின்கார்டு கேட் பக்கத்தில் ஜார்ஜ் பஜார் என்றால் ஒரு காலத்தில் தெரியாதவர்கள் கிடையாது. இரண்டு பக்கமும் கடைகள், நடுவே ஒரு நடை, மேலே இடையிடையே கண்ணாடி பதித்த தகரக் கூரை. மழையில் நனையாமல், வெயிலில் காயாமல் சாமான் வாங்கலாம் என்பதற்காகவே ஜனம் வந்தது. சமயபுரத்துக்குப் போகிறவர்கள் இங்கே வளையல் அடுக்கிக்கொண்டுதான் பஸ் ஏறுவார்கள். இப்போது கண்ணாடிகளில் பாசி. நடையில் பகலிலேயே குளத்தடி வெளிச்சம். நாளைக் காலையில் இடிக்க ஆள் வருகிறார்கள். துணிக்கடை வரப்போகிறதாம், மாடி மேல் மாடியாக.

அம்மா இறந்தபோது செல்வமேரிக்கு நாலு வயது. அதற்குப் பிறகு இந்த நடைதான் அவளுக்கு வீடு. ஸ்கூல் விட்டு ஓடி வந்தால் கியாசுதீன் பாய் பஞ்சில் அத்தர் தொட்டுக் காதுமடலில் செருகுவார். சந்திரம்மாள் உடைந்த வளையல் துண்டுகளை அவளுக்காகவே ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைத்திருப்பாள். ரெங்கராஜ் மாமா சூடாக ஒரு கொட்டையை உள்ளங்கையில் வைத்து, "மென்னுக்கோ பாப்பா, கணக்குப் போடும்போது தூக்கம் வராது" என்பார். கடைக்கோடியில் அப்பாவின் குடைக்கடை. வாசலில் ஒரு சிவப்பு முக்காலி. அவள் வருவதைப் பார்த்ததும் அப்பா தோளில் கிடக்கும் துண்டை எடுத்து உதறி முக்காலியைத் துடைப்பார். சுத்தமாக இருந்தாலும் துடைப்பார். பிறகுதான் உட்கார வேண்டும்.

இருதயநாதன் இன்றும் அங்கேதான் இருந்தார். கரண்ட் இல்லை. அரிக்கேன் விளக்கின் வெளிச்சத்தில் குடைக்கம்பிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்.

"குடைக்காரன் பொண்ணு இப்படி நனைஞ்சு வந்தா ஊர் சிரிக்காதா?"

"நீங்க தைச்ச குடைதாம்ப்பா. ஊர் யாரைப் பாத்துச் சிரிக்குமோ."

அவர் சிரித்தார். சிரித்த பிறகு மார்பைத் தடவிக்கொண்டார். டாக்டர் கடையை விடச் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது.

"கிளம்பலாம்ப்பா. கல்லறைக்குப் போகணும். மெழுகுவத்தி வாங்கிட்டேன். இருட்டிட்டா அம்மா கல்லறைகிட்ட நிக்க எடம் கிடைக்காது."

கல்லறைத் திருநாள். ஊரில் பாதிப் பேர் மெழுகுவர்த்தியும் சாமந்தியுமாக அங்கேதான் இருப்பார்கள்.

அப்பா சாக்கின் வாயைக் கட்டினார். தலை நிமிராமல் கேட்டார்.

"காபி வாசனை வருதா?"

"இல்ல."

"ம்."

பஜாரில் ஒரு வழக்கம் இருந்தது. சாயங்காலம் கடையை இறக்குகிறவர் எதிர்க்கடையைப் பார்த்து, பக்கத்துக் கடையைப் பார்த்து, "போயிட்டு வரேன்" என்பார். அவர்கள் "வாங்க" என்பார்கள். பதில் காதில் விழுந்த பிறகுதான் கால் படியிறங்கும். கோபதாபத்தில் பேச்சு அறுந்து போனவர்கள்கூட அதை மட்டும் விடவில்லை. சின்ன வயதில் செல்வமேரி அப்பாவுக்கு முன்னால் ஓடிக்கொண்டே ஒவ்வொரு கடையிலும் கத்துவாள். "போயிட்டு வரேன்!" ஒவ்வொரு கடையிலிருந்தும் "வா பாப்பா" என்று வரும். வாசல் வரை அவளைக் கைமாற்றி அனுப்புவது போல.

ஒவ்வொரு கடையாக மூடியது. மூன்று வருஷமாக அப்பா ஒருவர்தான். இருந்தும் அவர் பூட்டிய கடைகளிடம் சொல்லிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தார். "வரேன் பாய். வரேன் சந்திரம்மா. வரேன் ரெங்கராஜு." அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயதானவர், போகட்டும்.

நேற்று அவர் சொன்னபோது அவள் பக்கத்தில் இருந்தாள். ரெங்கராஜின் ஷட்டருக்குப் பின்னாலிருந்து, தாழ்ந்த குரலில், "வாங்க" என்று வந்தது.

தகரக் கூரையின் எதிரொலி என்று ராத்திரி முழுக்கச் சொல்லிப் பார்த்தாள். எதிரொலி என்றால் "வரேன்" என்றல்லவா திரும்பியிருக்க வேண்டும்.

"அப்பா, இன்னிக்கு யார்கிட்டயும் சொல்ல வேணாம். பேசாம வந்துடுங்க."

இருதயநாதன் நிமிர்ந்தார். அவர் பார்வையிலிருந்து அவளுக்குப் புரிந்தது. அவருக்கும் கேட்டிருக்கிறது. நேற்று மட்டும் அல்ல.

"சொல்லாம எப்படிப் போறது பாப்பா?"

"சொன்னா நாளைக்கும் வருவீங்க."

"வரேன்னு சொன்னா வரணும்ல."

"கடப்பாரையோட ஆள் நிப்பாங்கப்பா. சுவரு விழும். அங்க வந்து நிப்பீங்களா?"

வந்து நிற்பார். அவளுக்குத் தெரியும். இடித்துப் போட்ட செங்கல் நடுவே குடையை ஊன்றிக்கொண்டு, அந்த இதயத்தோடு, மழையில் நிற்பார். அவளுக்கு இருக்கிறவர் அவர் ஒருவர். புத்தூர் வீட்டில் சாயங்காலம் கதவைத் திறந்துவிட வேறு ஆள் கிடையாது.

"சொல்லாம போனவங்க திரும்பலை" என்றார் அப்பா. "ரெங்கராஜு அன்னிக்கு ஸ்ரீரங்கம் பஸ்ஸு போயிடும்னு அப்படியே ஓடினான். மறுநாள் ஆளு இல்ல. சந்திரம்மா பேரனுக்குக் காய்ச்சல்னு எதுவும் சொல்லாம கிளம்புச்சு. பாயும் அப்படித்தான்."

"அவங்களுக்கு வயசாயிடுச்சுப்பா."

"எனக்கு?"

மழை கூரையில் தடதடத்தது. அவள் அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அம்மாவை அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னிக்கு இவங்க எல்லாரும் நம்ம வீட்டுக்கு வந்தாங்கல்ல. கிளம்பும்போது யாராவது உங்ககிட்ட வரேன்னு சொன்னாங்களா?"

"எழவு வீட்டுல எவன் சொல்லுவான்? ரெங்கராஜு துண்டை உதறித் தோள்ல போட்டான். போயிட்டான்."

"இதுவும் எழவு வீடுதாம்ப்பா."

வெகுநேரம் அவர் நடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கிக் கிடந்த ஷட்டர்களை ஒவ்வொன்றாக. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி வெள்ளைத் தாடிக்குள் போனது. துடைக்கவில்லை.

"ஆமாம்" என்றார். "ஆமாம். எழவு வீடுதான்."

சாக்கையும் சிவப்பு முக்காலியையும் எடுத்து உள்ளே வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். அவள் ஷட்டரை இறக்கிப் பூட்டினாள். சாவியைக் கைக்குள் வைத்து, அதே கையில் அரிக்கேனை எடுத்துக்கொண்டாள். லூர்து மாதா கோயிலில் சாயங்கால ஜெபத்துக்குத் திரிகால மணி அடித்தது. அப்பா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். நடந்தார்கள்.

நடை நீளமாக இருந்தது. அரிக்கேன் வெளிச்சம் அவர்கள் நிழலை இரண்டு பக்க ஷட்டர்களிலும் போட்டு, ஒவ்வொரு மடிப்பிலும் முறித்து முறித்து நீட்டியது. கியாசுதீன் பாயின் கடையைத் தாண்டும்போது மல்லிகை அத்தரின் வாசனை, ஈரமான தகரத்தின் வாசனையைக் கிழித்துக்கொண்டு வந்தது. அப்பாவின் தலை பழக்கத்தில் அந்தப் பக்கம் திரும்பியது. உதடு பிரிந்தது. அவள் அவர் கையை அழுத்தினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

சந்திரம்மாளின் கடை. உள்ளே வளையல்கள் உரசின. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி அடுக்குகிற சத்தம். நின்றது.

யாரோ காதைக் கொடுத்துக் கேட்கிறார்கள்.

அவள் திரும்பவில்லை. ரெங்கராஜின் கடை. காபி வாசனை இப்போது புகையாக, சூடாக, கணுக்காலில் பட்டது. ஷட்டருக்குக் கீழே ஒரு விரற்கடை இடைவெளி. அங்கே இருட்டு. இருட்டில் இரண்டு பாதங்களின் நுனி. செருப்பில்லாமல். பக்கம் பக்கமாக.

நிற்கிற பாதங்கள். காத்திருக்கிற பாதங்கள்.

"நடங்கப்பா."

அப்பா நடந்தார். சொல்லவில்லை. வாசல் வந்தது.

வெளியே தெரு இருந்தது. சைக்கிள் மணி, மழை, பூக்காரியின் பேரம், எல்லாம் இருந்தன. முடிந்தது. அப்பாவை வெளியே கொண்டு வந்துவிட்டாள்.

"நீ வண்டி பாரு" என்றார் அப்பா. "நான் செத்த உக்காந்துக்கறேன்." குடைக்கடைக்காரர் மடக்கிய குடையை ஊன்றி, அதன் பிடியில் மோவாயை வைத்து, படியில் உட்கார்ந்தார். அவள் விளக்கை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினாள். ஒரு ரிக்‌ஷாவைக் கைதட்டி நிறுத்தினாள். கல்லறைத் தோட்டம் போய்ப் புத்தூர் வர வேண்டும் என்றாள். வண்டிக்காரன் திருப்பிக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போனான். அவள் படிக்கு வந்தாள்.

பயம் விலகியதும் அந்த இடத்தில் துக்கம் வந்து உட்கார்ந்தது. கடைசியாக ஒரு முறை உள்ளே பார்த்தாள். பாசி வெளிச்சமும் அணைந்துவிட்டது. இந்த இருட்டின் ஒவ்வொரு முழமும் அவளுக்குப் பாடம். இங்கே அத்தர், இங்கே வளையல் துண்டு, இங்கே ஒரு கொட்டை, அங்கே முக்காலி. தாயில்லாத பிள்ளை என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டார்கள். நாளை இந்த நேரத்துக்கு இதில் ஒன்றும் இருக்காது. எங்கே இருந்தது என்று காட்டக்கூட ஒரு சுவர் இருக்காது.

நாலு வயதிலிருந்து இந்த வாசலில் நின்று சொன்ன வாய். அவளைக் கேட்கவில்லை.

"போயிட்டு வரேன்."

மழைச் சத்தம் குறைந்தது போலிருந்தது.

"வா பாப்பா."

ரெங்கராஜின் கடை. சாதாரணமான குரல். வேலைக்கு நடுவே சொல்வது போல.

"வா பாப்பா." அத்தர்க் கடை.

"வா பாப்பா." வளையல்கள் குலுங்கின.

வா பாப்பா. வா பாப்பா. பெயர் மறந்துபோன கடைகள். ஒவ்வொன்றாக. உள்ளே உள்ளே.

பிறகு ஒரு இடைவெளி. கடைக்கோடியில், அவள் பூட்டிய ஷட்டருக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல். சாவி அவள் கையில் இருந்தது. அதன் பல் உள்ளங்கையில் அழுந்தியது.

"வா பாப்பா."

அப்பாவின் குரல்.

அவள் மெல்லத் திரும்பினாள். படியில் அப்பா அப்படியேதான் உட்கார்ந்திருந்தார். குடைப்பிடியில் மோவாய். பக்கத்தில் அரிக்கேன். சாரல் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது. ஒரு துளி நேராகக் கண்ணுக்குள் விழுந்தது.

இமைக்கவில்லை.

"அப்பா."

இன்னொரு துளி.

நடையில் ஷட்டர்கள் ஏறத் தொடங்கின. துருப்பிடித்த சத்தம் இல்லை. எண்ணெய் போட்ட சத்தம். காலையில் கடை திறக்கிற சத்தம். கரண்ட் இல்லாத கடைகளில் மஞ்சள் பல்புகள் எரிந்தன. ஒன்று. அடுத்தது. அதற்கடுத்தது. ஒவ்வொரு கடையிலும் ஒருவர் எழுந்து வாசலுக்கு வந்து நின்றார். அவளைப் பார்த்து.

கடைக்கோடியில் வெளிச்சம் வந்தது. சிவப்பு முக்காலி வாசலில் இருந்தது. தாடி வைத்த ஒருவர் தோளிலிருந்து துண்டை எடுத்தார். உதறினார். குனிந்து முக்காலியைத் துடைத்தார். மெதுவாக, ஓரம் விடாமல். துடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

அவள் உட்காருவதற்காகக் காத்திருந்தார்.