பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய வீடு

"மெயினை எறக்குங்க! யாராச்சும் மெயினை எறக்குங்க!"

கத்திக்கொண்டே ஓடினாள் சின்னாயி. கையில் காய்ந்த மூங்கில் கம்பு. நாலாம் நம்பர் வீட்டு வாசலில், வாஷிங் மிஷினைப் பிடித்த கையை எடுக்க முடியாமல் ஜாக்குலின் துடித்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

சின்னாயி கம்பை ஓங்கினாள். அடி விழுவதற்குள் மிஷின் நின்றது. ஜாக்குலின் ஈரத் தரையில் சரிந்தாள்.

பக்கத்துப் போர்வெல் ரிக் லாரி ஷெட்டில் நாலு மணிச் சங்கு ஊதியது அப்போதுதான்.

உயிர் பிழைத்துவிட்டாள். ஆனால் திங்கட்கிழமை நடந்த அந்த விபத்து, செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கே திருச்செங்கோட்டிலிருந்து சேலம் வந்து இசபெல்லாவின் கதவைத் தட்டியது.

இசபெல்லா லைசென்ஸ் வாங்கிய மின் சூப்பர்வைசர். வாடகை வீடுகளின் வயரிங்கைச் சோதித்துச் சான்று தருவது தொழில். சோதனைக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு கூடவே வருவது கணவன் டோனி. அவனுக்கு வாய் முந்தும். அவளுக்குக் கண் முந்தும்.

"சனிக்கெழமை என்ற லைன் ஊடு ஆறையும் நீங்கதானுங்க சோதிச்சீங்க" என்றாள் வீட்டுச் சொந்தக்காரி சின்னாயி, உட்காராமலே. "நாலாம் நம்பருக்குப் பச்சை ஸ்டிக்கர். மூணாம் நம்பருக்குச் சிவப்பு. இப்பப் பச்சை ஊட்டுல ஷாக்கடிக்குது. சிவப்பு ஊட்டு டிரிப் சுவிட்சு தொட்டாலே டப்புன்னு விழுகுது. அங்க குடியிருக்கற பிரபா சொல்லி, நேத்துக் காலையில நானே அமுத்திப் பார்த்தனுங்க. ரெண்டையும் மாத்தி எழுதிப்போட்டீங்க அம்மணி!"

கரண்ட் கசிந்தால் நொடியில் விழுந்து ஆளைக் காப்பாற்றுவது டிரிப் சுவிட்ச். மூணாம் நம்பரில் அது செத்துக் கிடந்தது. புதிது மாட்டும்வரை தையல் மோட்டார் ஓட்டக் கூடாது என்று இசபெல்லா எழுதிக் கொடுத்திருந்தாள்.

"புதுசு ஏன் மாட்டல?"

"அடுத்த மாசம் வாங்கலாம்னு இருந்தனுங்க..." சின்னாயியின் குரல் இறங்கியது. "அஞ்சு மணிக்கு ஸ்டேசனுக்கு வரச் சொல்லியிருக்காங்க. மாத்தி எழுதுனது நான்தான்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. என்னை உட்ருவாங்க."

அந்த ஒரு வரியோடு இசபெல்லாவின் லைசென்ஸ் போய்விடும். பதினோரு வருட உழைப்பு.

"என் பொண்டாட்டி மாத்தி எழுதுற ஆளே கிடையாது!" என்று எகிறினான் டோனி.

"அதுக்குத்தாங்க சனிக்கிழமை சுவிட்சுகளைப் போட்டோ எடுக்கச் சொன்னேன். எடுத்தீங்களா?" என்று அவன் பக்கம் திரும்பினாள் இசபெல்லா.

"போன்ல சார்ஜ் இல்ல பெல்லா."

"வண்டியை எடுங்க" என்றாள் இசபெல்லா.

லைன் வீட்டின் பக்கச் சுவரில் ஆறு மரப் பலகைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மெயின், ஒரு டிரிப் சுவிட்ச். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே நாளில் வாங்கியவை. அதன் கீழே பீடியோடு காத்திருந்தான் வயர்மேன் முருகானந்தம். இருபது வருடமாக இந்த லைனுக்கு அவன்தான் வயரிங்.

"வாங்க மேடம். ஸ்டிக்கர் ஒட்டறதுக்கு மீட்டர் எதுக்குங்க? பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களே ஒட்டுமே" என்றான். "நான் பார்த்தவரைக்கும் ஒரு கோழிக்குக்கூட ஷாக்கடிச்சதில்ல."

"ஞாயிற்றுக்கிழமை எங்க இருந்தீங்க அண்ணா?"

"புதுச்சத்திரத்துல ஒரு கிரகப்பிரவேசம். விடியல்ல இருந்து பொழுதுக்கும் அங்கதான். அம்பது பேரு சாட்சி. போதுங்களா?"

டோனி அவள் காதில் கிசுகிசுத்தான்: "இவன்தான் பெல்லா. உன்னைப் பார்க்கிற பார்வையே சரியில்ல. வயிறு எரியுது அவனுக்கு."

"வயிறு எரியறவங்க இந்த லைன்ல எத்தனை பேருன்னு எண்ணிட்டு அப்புறம் சொல்லுங்க."

பலகைகளின் முன்னால் அவள் வெகுநேரம் நின்றாள். ஐந்து டிரிப் சுவிட்சுகளில் சந்தனக் குங்குமப் பொட்டு. ஒன்றில் மட்டும் மஞ்சள் மாறாமல் பளிச்சென்று இருந்தது. மற்றவை காய்ந்து, வெடித்து, தூசி படிந்திருந்தன. எதுவுமே இல்லாதது ஒன்று: ஐந்தாம் நம்பர், ஆள் இல்லாத வீடு.

நாலாம் நம்பரின் மெயின் கைப்பிடி இறங்கியிருந்தது. அதன் டிரிப் சுவிட்ச் விழாமல் மேலேயே நின்றது.

"அக்கா, இந்தப் பொட்டெல்லாம்?"

"ஆயுத பூசைக்கு நான்தானுங்க வெச்சேன். பூட்டிக் கெடக்கறதுக்கு எதுக்குன்னு அஞ்சாம் நம்பரை உட்டுட்டேன்."

"எல்லா வீட்டுக்கும்?"

"ஜாக்குலின் ஊட்டுக்கு வெக்கலீங்க. அவிங்க சாமி வேறயல்லங்க, கேக்காம வெக்கறது மொறையில்ல."

இசபெல்லா தலையசைத்தாள். அடுத்து ஜாக்குலினின் வீட்டைத் திறக்கச் சொன்னாள். தையல் மிஷினுக்கு மேலே மாதா படம் போட்ட கடிகாரம், பிளக்கில் ஓடுவது. மூன்று முப்பத்தைந்தில் நின்றிருந்தது.

"நாலு மணிக்கில்ல கரண்ட் நின்னுச்சு?" என்றான் டோனி. ஆஸ்பத்திரியில் இருந்த ஜாக்குலினுக்கு உடனே போன் போட்டான். ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சர்ச்சில் பூசைக்குப் போனாளாம். நேரம் சரியாகத்தான் இருந்ததாம்.

"நம்ம லைனுக்கு ரெண்டு நாளா கரண்டே போகலீங்களே" என்றாள் சின்னாயி.

மூணாம் நம்பரில் பிரபா தைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"மிஷின் நல்லா ஓடுதே?"

"மோட்டாரு வயரு அத்துப்போனாலும் நானே மாட்டிக்குவேனுங்க. எடப்பாடியில தறிக்கு நடுவுல வளந்தவ." ஊசி நின்றது. "நீங்க சிவப்பு ஒட்டுன அன்னைக்கே, எனக்கு வந்த கல்யாணப் பிளவுசு பன்னெண்டும் சுவரு தாண்டிப் போயிருச்சு. எனக்குக் கையி கட்டி வெச்சிருக்கு, அந்தப் பக்கம் டரடரன்னு ஓடுது. ராணி மாதிரி புது வாஷிங் மிஷின் வேற."

மூன்று மணிக்கு எல்லோரையும் பலகைகளின் அடியில் கூட்டினாள் இசபெல்லா.

"நான் மாத்தி எழுதல. டிரிப் சுவிட்சைத்தான் மாத்தியிருக்காங்க. மூணாம் நம்பர்ல செத்துக் கிடந்தது இப்ப நாலுல இருக்கு, அதான் வாஷிங் மிஷின் கசிஞ்சப்ப விழல. நாலுல இருந்த நல்லது மூணுக்கு வந்திருச்சு."

"சும்மா அளக்காதீங்க மேடம்" என்றான் முருகானந்தம்.

"நாலாம் நம்பர்ல பொட்டு வைக்கலைன்னு அக்காவே சொன்னாங்க. இங்க பாருங்க, ஆறு மாசத்துப் பழைய பொட்டு. அது பக்கத்துப் பலகையில இருந்து தானா நடந்து வராது."

சின்னாயி கிட்டப் போய்ப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கழட்டி மாட்ட மெயினை இறக்கணும். இருபத்தஞ்சு நிமிஷம் கரண்ட் இல்லாம கடிகாரம் நின்னிருக்கு. லைன்ல கரண்ட் போகல, இந்த வீட்டுக்கு மட்டும் போயிருக்கு. ஞாயிற்றுக்கிழமை ஜாக்குலின் பூசையில இருந்த நேரம். திங்கக்கிழமை காலையில மூணாம் நம்பர் நல்லா விழுதுன்னு காட்டியாச்சே."

"அப்ப இவன் இல்லையா?" டோனி ஏமாற்றத்தோடு வயர்மேனைப் பார்த்தான்.

"அண்ணன் புதுச்சத்திரத்துல. இங்க இருந்து அவரே செய்திருந்தாலும் மாத்தறதோட நிறுத்தியிருப்பார். மூணாம் நம்பருக்குப் புதுப் பொட்டு வைக்க மாட்டார். ஜாக்குலின் வீட்டிலிருந்து வந்த சுவிட்ச் வெறுமையா இருந்தது. தினமும் அதைப் பார்க்கிற ஒருத்திக்கு அது பொறுக்கல. பொட்டில்லாத பலகை தன் வீட்டுல இருக்கக் கூடாதுன்னு கை தானா போயிருச்சு. பழைய பொட்டை அழிக்கணும்னு மட்டும் தோணல. பார்த்துப் பழகின பொட்டு கண்ணுக்குத் தெரியாது."

பிரபாவின் கையிலிருந்து கத்தரிக்கோல் விழுந்தது.

"அவளுக்கு மட்டும் பச்சை!" என்றாள். "ரெண்டு வருசத்துக்கு முன்னால கையில நூல்கண்டோட வந்தவ. காஜா எடுக்கச் சொல்லிக் குடுத்ததே நானுங்க. அவளுக்குச் சிவப்பு ஒட்டோணும், ஒரு நாளாச்சும் அவ மிஷின் நிக்கோணும்... அவ்வளவுதான் நெனச்சேன். சாகோணும்னு நெனக்கலீங்க!"

"கொலைகாரி!" என்று பாய்ந்தாள் சின்னாயி.

இசபெல்லா குறுக்கே கை நீட்டினாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு அக்கா. நீங்க கம்பை ஓங்கினீங்க, அடிக்கல. செத்துப்போன சுவிட்ச் தானா விழாது, இப்பவும் மேலேதான் நிக்குது. மிஷின் எப்படி நின்னுச்சு?"

எல்லோரும் இறங்கிக் கிடந்த அந்தக் கைப்பிடியைப் பார்த்தார்கள்.

"நீங்க கத்துறதுக்கு முன்னாலயே யாரோ இங்க நின்னுட்டிருந்திருக்காங்க" என்றாள் இசபெல்லா மெதுவாக. "அப்படித்தானே பிரபா?"

பிரபா குனிந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

"அவ குழாயத் தொறந்து மிஷினுக்குத் தண்ணி புடிக்கற சத்தம் கேட்டுச்சுங்க. ஓடி வந்து இதுக்குக் கீழ நின்னுட்டேன்" என்றாள் பிரபா. "அவ துடிச்சதும் எறக்கிட்டேன்."

"நேத்துக் காலையிலயே திரும்ப மாத்தியிருக்கலாமே?"

பிரபா சுவரைப் பார்த்தாள்.

"மாத்தத்தானுங்க எந்திரிச்சேன். அந்நேரம் பார்த்து அவ அந்தக் கல்யாணப் பிளவுசை டரடரன்னு தைக்க ஆரம்பிச்சுட்டா."