நீலக் கார் தயங்கும் இடம்

நீலக் கார் மறுபடியும் கேட்டுக்கு முன்னால் தயங்கியது.

நிற்கவில்லை. தயங்கியது, அவ்வளவுதான். விலாசம் தேடி வருகிறவர்கள் ஒரு வாசலுக்கு நேரே வேகத்தைக் குறைத்து, தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சரி வேண்டாம் என்று கிளம்புவார்களே, அந்த மாதிரி. பல்செட்காரர் விசையை ஒரே சீராகத்தான் அழுத்திக்கொண்டிருந்தார். அவர் விரலைக் குறை சொல்ல முடியாது. மயிரிழை பிசகினாலும் பல் வாயில் உட்காராது, வாங்கிப் போனவர் மறுநாளே வந்து வாயில் போட்டுக் கடிப்பார். அந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவர் அவர்.

இந்த விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்லிவிடலாம். பலகையில் செய்த சாலை; அதன் நடுவே ஒரு மெல்லிய பள்ளம். காரின் வயிற்றில் ஒரு முளை. முளை பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். பள்ளத்தின் இரண்டு கரையிலும் ஒட்டிய செம்புப் பட்டையிலிருந்து காருக்கு மின்சாரம் ஏறும். கையில் இருக்கும் கைப்பிடியின் விசையை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். ஸ்டியரிங் கிடையாது. காருக்குச் சொந்தப் புத்தியும் கிடையாது. வளைவில் ஆசைப்பட்டு அழுத்தினால் முளை எகிறி, கார் பறந்துவிடும். அப்புறம் யாராவது கையால் எடுத்து வைத்தால்தான் உண்டு.

இரண்டு தடங்கள், இரண்டு கார்கள். சிவப்புக் கைப்பிடி சிவப்புக் காருக்கு, நீலக் கைப்பிடி நீலக் காருக்கு. சுற்றிலும் காட்சி அமைத்திருந்தார். பல் அச்சு எடுக்கும் பிளாஸ்டரில் நடைபாதை, சாயம் போட்ட மரத்தூளில் புல், கம்பியில் பஞ்சைச் சுற்றி மரங்கள். கற்பனைக்கு எங்கே போவது என்று அவர் வாழும் தெருவையே செய்துவிட்டார். கேட், அட்டையில் அவருடைய வீடு, அட்டையின்மேல் வர்ணத்தில் வரைந்த வாசற்கதவு. அதைத் தாண்டி நேர்ச்சாலை, கடைசியில் விளக்குக் கம்பம் நிற்கும் வளைவு. குட்டி விளக்குகள் பகலிலும் தெரிய வேண்டும் என்பதற்காக அறையின் ஜன்னலில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார். எந்நேரமும் அங்கே அந்திதான். பசை வாடையும் சூடான மோட்டாரின் வாடையும் வெளியே போக வழியில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அந்த அறை தம்பியுடையது. தம்பி வெளியூரில் வேலை பார்த்தான்.

"ஒத்த ஆளுக்கு எதுக்குங்க ரெண்டு கைப்பிடி?" என்று மனைவி ஒருநாள் வாசலில் நின்று கேட்டாள்.

"டிராக்னா ரெண்டு லேன் இருக்கும்."

"ஓகோ. அதுல ஒண்ணு உங்க தம்பி கார் மாதிரி நீலக் கலர்லதான் இருக்கும்னும் சட்டம் இருக்கோ?"

ஊருக்கெல்லாம் பல் செய்து கொடுக்கிறவருக்குச் சொந்த வாய் திறக்காது.

அப்பா படுக்கையில் விழுந்து வருடக்கணக்கில் கிடந்தார். தூக்கி உட்கார வைத்தது, புரட்டிப் போட்டது, துடைத்தது எல்லாம் இவர். தம்பி போனில் விசாரிப்பான். "அடுத்த வாரம் வர்றேண்ணா" என்பான். அடுத்த வாரம் வராது. சொன்ன சொல்லைத் தம்பி காப்பாற்றிய சரித்திரமே கிடையாது. கடைசியில் எல்லாம் முடிந்து, அப்பாவின் கட்டிலைக்கூடப் பிரித்துப் போட்ட பிறகு, நீலக் காரில் வந்து இறங்கினான். பல்செட்காரர் வாசற்படியில் நின்று, தெருவே பார்க்கக் கேட்டார்: "மூத்திரம் அள்ளறப்ப வராத காலு இப்ப எதுக்குடா வருது?"

படியில் வைத்த காலைத் தம்பி பின்னால் எடுத்துக்கொண்டான். முகம் செத்துவிட்டது. "உசிரோட இருக்கற வரைக்கும் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

போனவன் போனவன்தான். சின்ன வயதில் அப்பா வாங்கித் தந்த குட்டி டிராக்கை இருவரும் தரையில் பரப்பி ஓட்டுவார்கள். ஒவ்வொரு வளைவிலும் தம்பியின் கார் பறக்கும். ஒவ்வொரு முறையும் இவர்தான் எடுத்து வைப்பார். அந்த நினைப்பு அவரை விடவில்லை. அவனைக் கூப்பிடத் தெம்பில்லாமல்தான் அவன் அறையில் பலகையைப் போட்டார். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ஆனால் இந்தத் தயக்கம்.

செம்புப் பட்டையை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். மீட்டர் வைத்துப் பார்த்தார்; மின்சாரம் ஒரு சொட்டுக் குறையவில்லை. சிவப்புக் காரை நீலத் தடத்தில் விட்டார். கேட்டைக் கண்டுகொள்ளாமல் ஓடியது. நீலக் காரைச் சிவப்புத் தடத்தில் விட்டார். அதே கேட்டுக்கு நேரே தயங்கியது. மோட்டாரையே மாற்றினார். தயங்கியது. அதுவும் எல்லா நேரமும் இல்லை. வெளியே வெளிச்சம் மங்கும் வேளையில்தான்.

ஒரு சாயங்காலம் அது நின்றேவிட்டது.

விசை அழுந்தியபடிதான் இருந்தது. காரின் இரண்டு விளக்குகளும் எரிந்தன. அப்படியென்றால் மின்சாரம் இருக்கிறது. மோட்டார் சுற்றவில்லை, ஆனால் கருகும் வாடையும் இல்லை. பசை நாற்றத்துக்கு நடுவே பெட்ரோலும் மழையில் நனைந்த சீட்டுத் துணியும் கலந்த ஒரு வாடை லேசாக வந்தது. உள்ளே யாரோ உட்கார்ந்து யோசிக்கிறார்கள் என்று பல்செட்காரருக்குத் தோன்றியது. அப்போதுதான் காதில் விழுந்தது. கறுப்புக் காகிதத்துக்கு அந்தப் பக்கம், தெருவில், ஒரு வண்டி நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது.

நீலக் கார் மெல்ல நகர்ந்தது. வெளியே உறுமலும் நகர்ந்தது.

தெரு என்றால் வண்டி போகத்தான் செய்யும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு விளக்கை அணைத்தார்.

மறுநாள் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டே மனைவி சொன்னாள். "உங்க தம்பி இந்த ஊருக்கே மாத்தலாகி வந்துட்டாராம். ஒரு மாசம் ஆகுதாம். வேலை முடிஞ்சு தினமும் நம்ம தெரு வழியாத்தான் போறாராம்."

அவர் கையிலிருந்த காபி அப்படியே நின்றது.

"கேட்டுக்கிட்ட வந்ததும் கால் தானா பிரேக்குக்குப் போயிடுதாம். நேத்து நின்னே நின்னுட்டாராம். அப்புறம் மனசு வராம கிளம்பிட்டாராம். போன்ல சொல்லி அழறாருங்க."

"உள்ள வர வேண்டியதுதானே? யாரு பிடிச்சா?"

"நீங்கதான் பிடிச்சீங்க, தெருவே பாக்க. ஒரு வார்த்தை கூப்பிடுங்க. ஒரே வார்த்தை. வந்துடுவாரு."

"உசிரோட மிதிக்க மாட்டேன்னு சொன்னவன் அவன்."

"கோவத்துல சொல்றதுதான். சொல்றவங்க எல்லாரும் அதைக் காப்பாத்தறாங்களா என்ன?" குடையை எடுத்துக்கொண்டாள். "இன்னிக்கும் வருவாரு. கூப்பிட்டுப் பாருங்க."

சாயங்காலம் மழை பிடித்தது. பல்செட்காரர் தம்பியின் அறையில் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் போனை வைத்துக்கொண்டார். பயமாக இருந்தது. எதற்குப் பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குட்டித் தெருவில் குட்டி விளக்குகள் எரிந்தன. கூரைத் தகரத்தில் மழை, சாக்கடையில் மழை, ஜன்னல் காகிதத்தின் ஓரத்தில் ஒரு சொட்டு வழிந்து வழிந்து நின்றது. இரண்டு கைப்பிடிகளும் மேஜைமேல் கிடந்தன. அவர் எதையும் தொடவில்லை.

நீலக் கார் கிளம்பியது.

தானாக. மெதுவாக. வளைவைச் சுற்றி, பஞ்சு மரங்களைத் தாண்டி, கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. வெளியே மழைக்குள் அதே உறுமல் வந்து நின்றது.

போனைக் கையில் எடுத்தார். தம்பியின் பெயர் திரையில் இருந்தது. கட்டைவிரல் அதன்மேல் இருந்தது. ஒரே வார்த்தை. 'வாடா' என்றால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. கூடவே அப்பாவின் ஈரப் படுக்கையின் நாற்றமும் வந்தது. தனியாகப் புரட்டிய இரவுகள். 'அடுத்த வாரம் வர்றேண்ணா.' அத்தனை கசப்பும் ஒரே வாயாகத் திரண்டு வந்தது. நான் எதற்குக் கூப்பிட வேண்டும்? வேண்டுமானால் அவனே வரட்டும். பத்து எட்டு வைத்தால் வாசல்.

காத்திருந்தார். கார் நின்றது. மழை பெய்தது.

பிறகு நீலக் கார் நகர ஆரம்பித்தது. கேட்டை விட்டு. வழக்கம்போல.

"போறியா? போ. போய்த் தொலை."

நீலக் கைப்பிடியை வெடுக்கென்று எடுத்து விசையைக் கடைசிவரை அழுத்தினார்.

கார் சீறியது. வெளியே எஞ்சின் அலறியது. நேர்ச்சாலை. வளைவு வருகிறது. விரலை எடுக்க வேண்டும். தெரியும். நடுங்காத விரல் அது. எடுக்க வேண்டும்.

எடுக்கவில்லை.

முளை எகிறியது. கார் பறந்து கம்பத்தில் மோதியது. காரின் ஒரு விளக்கு உடைந்த சத்தம் கேட்டது. கார் மேஜைக்கு அடியில் விழுந்தது.

தெருக்கோடியில் ஒரே ஒரு சத்தம். இரும்பும் கண்ணாடியும் சேர்ந்த சத்தம். அப்புறம் மழை மட்டும்.

"டேய்," என்றார் பல்செட்காரர். போனை அழுத்தினார். கடைசியில் கூப்பிட்டேவிட்டார். மறுமுனையில் மணி அடித்தது. எடுடா. எடுடா.

இந்த முனையிலும் அடித்தது.

மெல்லிய மணி. ஊசி நுனி அளவு சத்தம். மேஜைக்கு அடியிலிருந்து. தம்பி தன் போனில் வைத்திருக்கும் அதே மெட்டு.

குனிந்தார். போன் வெளிச்சத்தைத் தரையில் அடித்தார். கார் இல்லை. கொஞ்சம் தண்ணீர் இருந்தது. தண்ணீரில் லேசாகச் சிவப்பு. மணி நின்றது. அழைப்பை யாரோ எடுத்துவிட்டார்கள். மறுமுனையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"தம்பி... வாடா. வீட்டுக்கு வாடா."

எழுந்தார்.

நீலக் கார் சாலையில் இருந்தது. பள்ளத்தில், முளை சரியாக உட்கார்ந்து. யாராவது கையால் எடுத்து வைத்தால்தான் உண்டு.

ஒற்றை விளக்கோடு ஊர்ந்து வந்தது. கேட்டுக்கு முன்னால் நின்றது. விளக்கு அணைந்தது.

வெளியே கேட்டின் தாழ்ப்பாள் திறந்தது.

நடை. நொண்டி நடை. ஒரு கால் ஊன்றி, ஒரு கால் இழுத்து. பல்செட்காரர் நாற்காலியில் விழுந்தார். கண்ணை வாசல் பக்கம் திருப்பவில்லை. பலகையையே பார்த்தார். அட்டை வீட்டின் கதவை அவர் தன் கையால் வர்ணத்தில் வரைந்திருந்தார். வெறும் வர்ணம். அந்தக் கதவு திறந்திருந்தது. அதன் படி நனைந்திருந்தது.

வாழ்க்கையில் இந்த ஒரு சொல்லை மட்டும் தம்பி காப்பாற்றியிருந்தான்.

கூடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். அறைக்குள். பெட்ரோல் வாடை, நனைந்த சீட்டு வாடை, அதற்கும் கீழே வேறொரு வாடை. பக்கத்து நாற்காலி முனகியது. யாரோ உட்கார்ந்தார்கள்.

"கூப்பிட்டியேண்ணா."

அவர் அழுதுகொண்டிருந்தார். மேஜைமேல் ஒரு கை நீண்டது. நகங்களுக்குள் கண்ணாடித் தூள். கை நீலக் கைப்பிடியின்மேல் ஒரு கணம் நின்றது, தயங்குவதுபோல. பிறகு அதைத் தாண்டிப் போனது.

சிவப்பை எடுத்தது.

சிவப்புக் கார் மெல்லக் கிளம்பியது. பல்செட்காரர் எழுந்து நின்றார். எழ வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. கால்கள் அறையை விட்டு, கூடத்தை விட்டு, ஈரப் படியை விட்டு இறங்கின. கேட் திறந்துதான் கிடந்தது. நேர்ச்சாலையின் கடைசியில், சாய்ந்த கம்பத்தின் விளக்கு மழையில் மினுக்கியது.

பின்னால், அறைக்குள், விசை அழுந்தும் சத்தம் கேட்டது. அவர் ஓட ஆரம்பித்தார்.