கோணல் எழுத்து

அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால் இருந்த அந்த ஒற்றை அறை வீட்டில் நான்கு பேர் இருந்தார்கள். ஆனால் பேசியது என்னவோ காலண்டர் தாள்கள்தான்.

அப்பா பூபாலன் பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டினார். மதியம் போனால், எல்லாரும் தூங்கிய பிறகுதான் வருவார். அம்மா புஷ்பா விடிவதற்குள் பேக்கிங் கம்பெனி வேனில் ஏறிவிடுவாள். சொல்ல வேண்டியதைக் கிழித்த தேதித் தாளின் பின்னால் எழுதிக் கதவில் ஒட்டிவிடுவார்கள். 'சோறு குக்கரில்.' 'கேஸ் புக் பண்ணு.'

ஐந்தாம் வகுப்பு கார்த்திகாவுக்கு இது பிடிக்கவில்லை. புதன்கிழமை அப்பாவுக்கு விடுமுறை. அம்மாவும் மாலை ஆறுக்கு வந்துவிடுவாள். நால்வரும் விழித்திருக்கும் ஒரே நேரம் அது.

அந்தப் புதன்கிழமை மாலை டிவியை அணைத்தாள். "இனிமே புதன்கிழமை சாயங்காலம் எல்லாரும் ஒண்ணா உக்காந்து பேசுறோம்."

"இன்னாத்த பேசுறது?" என்றார் அப்பா.

"ஏதாச்சும்."

"கொழம்பு வைக்கணும்டி," என்றாள் அம்மா. ஆனாலும் உட்கார்ந்தாள்.

யாருக்கும் பேச்சு வரவில்லை. மின்விசிறி மட்டும் கடகடத்தது.

"அக்கா, பேசி முடிச்சிட்டோமா?" என்றான் தம்பி கிஷோர்.

கார்த்திகா கதவிலிருந்த தாள்களைப் பிய்த்து வந்து, தேதி வரிசையில் தரையில் அடுக்கிப் படித்தாள்.

"கிஷோரைக் குளிக்கச் சொல். இது மூணு தாள்ல இருக்குடா."

"மூணு தடவ எழுதுனா மூணு தடவ குளிக்கணுமா?"

அம்மா சிரித்தாள். கார்த்திகா சிரிக்கவில்லை. திங்கட்கிழமை வரை அப்பாவின் எழுத்து நேராக இருந்தது. நேற்றும் இன்றும் கோழி கிளறியது போல இருந்தது.

"அப்பா, எந்தக் கையால எழுதுன?"

அவர் கையைப் பின்னுக்கு இழுத்தார். எப்போதும் தோளில் கிடக்கும் துண்டு இன்று வலது கையை மூடியிருந்தது. கார்த்திகா அதை மெல்ல விலக்கினாள். ஆள்காட்டி விரலில் தடித்த கட்டு. ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"திங்கக்கெயம மெஷின்ல மாட்டிக்கிச்சு. நுனி போயிடுச்சு. தையல் போட்டுக்கீறாங்க."

"நேத்தும் வேலைக்குப் போனியே?" என்றாள் அம்மா.

"பெருக்குற வேல குடுத்தாங்க."

"மூணு நாளா ஒரே ஊட்லதான கீறோம். ஒரு வார்த்த சொல்லல."

"தாள்ல எப்டி எழுதுறது புஷ்பா? படிச்சிட்டு வேன்ல அயுதுகினே போவ."

அம்மா எழுந்து போய் அவருக்குச் சோறு பிசைந்து வந்தாள். குழம்பு இல்லை, மோர்தான். தானே ஊட்டினாள்.

கிஷோர் தன் விரல்களை எண்ணிப் பார்த்தான். "அப்பா, இனிமே வெரல எண்ணுனா ஒம்போதரையா?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் நீரும் வந்தது.

மறுநாள் பள்ளிவிட்டு வந்த கார்த்திகா கதவைப் பார்த்தாள். ஒரே ஒரு தாள். அம்மாவின் கையெழுத்தில், 'கை வலிக்குதா?' என்று இருந்தது.

அதற்குக் கீழே, கோணல்மாணலாக:

'வலிக்குது. மீதி புதன்கிழமை சொல்றேன்.'