பட்டியலில் இல்லாத பிழை

ஆறாம் அறையில் இருந்தவர்கள்: தேமொழி, வயது ஏழு. அவள் தாய் அங்கயற்கண்ணி, நீர் மீட்பு நிலையத்தில் வடிகட்டி கழுவுபவள். பதிவாளர் எபினேசர், சாட்சிக் கையெழுத்துக்காக. உளமானி, ஒன்று. தந்தை வரவில்லை. சுரங்கத்தில் மூன்று வார முறைப்பணியில் இருந்தார். அது ஏற்கத்தக்க காரணம் என்று எபினேசர் குறித்துக்கொண்டார்.

செவ்வாயின் தென்குடியிருப்பில் ஏழு வயது முடிந்த ஒவ்வொரு குழந்தையும் அந்த அறைக்கு வந்தாக வேண்டும். உளமானி கேள்வி கேட்கும், படிக்கச் சொல்லும், கண்ணின் அசைவையும் மூச்சையும் அளக்கும். முக்கால் மணி நேரத்தில் சொல்லிவிடும், குழந்தைக்குக் கற்றலில் குறை உண்டா இல்லையா என்று. குறை இருந்தால் குறைச்சான்று கிடைக்கும். சான்று கிடைத்த வீட்டில் அன்று இனிப்புச் செய்வார்கள்.

காரணம் எளியது. ஆறாயிரம் பேருக்கு மனித ஆசிரியர் ஒருவர்தான் இருந்தார். மற்றக் குழந்தைகள் கற்கூண்டில் படித்தார்கள். கற்கூண்டு ஒரு பெட்டி. ஓர் இருக்கை, ஒரு திரை, ஒரு குரல். காலை எட்டு மணிக்குக் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். அன்றைய பாடத்தின் கடைசி வரியைப் பிழையில்லாமல் படித்தால் திறக்கும். படிக்காவிட்டால் மாலை நான்கு மணிக்குத் திறக்கும். கவனம் சிதறாமல் இருக்கத்தான் பூட்டு என்று விதிநூலில் எழுதியிருந்தது. பெரும்பாலான குழந்தைகள் நண்பகலில் வெளியே வந்துவிடுவார்கள். தேமொழி ஓராண்டாக நான்கு மணிக்குத்தான் வந்துகொண்டிருந்தாள். காலையில் கூண்டுக்குக் கிளம்பும்போது வயிறு வலிக்கிறது என்பாள். அவளுடைய சட்டைக் கழுத்துகள் எல்லாம் கடிபட்டு நார் நாராகக் கிடந்தன.

குறைச்சான்று பெற்ற பத்துக் குழந்தைகள் மட்டும் ஆசிரியர் அறைக்குப் போகலாம். அந்த அறைக்குப் பூட்டு கிடையாது. அங்கே ஒரு மனிதர் குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேசுவார். குடியிருப்பில் எல்லாப் பெற்றோரும் அந்தப் பத்து இடங்களைத்தான் விரும்பினார்கள். அதனால் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே டியூஷன் தொடங்கிவிட்டது.

அங்கே பிழை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். அதற்குக் கையேடு இருந்தது. மூன்றாம் வரியில் கண்ணைக் கசக்கு. ‘ழ’ வரும் இடத்தில் ‘ல’ சொல். ‘ப’வைத் தலைகீழாக எழுது. ஏழாம் கேள்வியில் கூரையைப் பார், பத்துவரை எண்ணு. சிறப்புத் தேர்வர்களுக்குப் பின்னிணைப்பில் பெருமூச்சு விடும் முறையும் இருந்தது.

அங்கயற்கண்ணியும் மகளை இரண்டு மாதம் அங்கே அனுப்பினாள். நிஜமாகவே படிக்க வராத குழந்தைக்கு இதெல்லாம் எதற்கு என்று கணவன் கேட்டதற்கு, எல்லாரும் போகிறார்கள் என்று பதில் சொன்னாள். ஆனால் தேமொழிக்குக் கையேட்டைப் படிக்க வரவில்லை. சொல்லிக்கொடுத்த பிழைகளும் வரிசை மாறிப் போயின. டியூஷன் ஆசிரியர் தாயைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“உங்க பொண்ணுக்குத் தப்பே ஒழுங்கா பண்ண வரலம்மா,” என்றார். “மத்தப் பிள்ளைங்களையும் குழப்புது. கூட்டிட்டுப் போயிடுங்க.”

அங்கயற்கண்ணி அதை நல்ல சகுனமாகத்தான் எடுத்துக்கொண்டாள். இவ்வளவு குறை இருந்தால் இயந்திரம் கண்டுபிடிக்காமலா போகும். இன்று காலை வரும் வழியில் மகளிடம், நாளையிலிருந்து பூட்டு இல்லாத அறைக்குப் போகலாம் என்று சொல்லியும் விட்டாள். தேமொழிக்கு இன்று வயிறு வலிக்கவில்லை.

உளமானி திரையில் ஒரு சொல்லைக் காட்டியது. அவளுடைய பெயர்.

“இதைப் படி.”

தேமொழி நெடுநேரம் பார்த்தாள். சட்டைக் கழுத்து வாய்க்குள் போனது. பிறகு விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“ஏ... த... எ... மா... ழி.” நிமிர்ந்து தாயைப் பார்த்தாள். “யாரும்மா இது?”

எபினேசர் எழுதுவதை நிறுத்தினார்.

“எழுத்தின் வரிசையை எப்படி முடிவு செய்தாய்?” என்று உளமானி கேட்டது.

“கொம்பு முன்னாடிதான நிக்குது,” என்றாள் தேமொழி. “முன்னாடி நிக்கிறதத்தான முதல்ல சொல்லணும்?”

அடுத்து ஒரு பத்தி கொடுத்தது. கொம்பு வந்த இடமெல்லாம் சொற்கள் உடைந்தன. ‘மேடு’ ஏமடு ஆனது, ‘கேணி’ ஏகணி ஆனது. நான்காம் வரியில் அவளுக்குக் கண் நிறைந்தது. ஆனால் அவள் கண்ணைக் கசக்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை, பெருமூச்சு விடவில்லை. எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை எங்காவது ஓடிவிடும் என்பதுபோல.

முக்கால் மணி முடிந்தது.

“குறைபாடு இல்லை,” என்றது உளமானி. “‘ழ’கரம் தெளிவு. கவனம் முழுமை. செய்த பிழைகள் பட்டியலில் இல்லாதவை. எனவே அவை விளையாட்டாகக் கொள்ளப்படும். கற்பனைத் திறன் உயர்வு. வாழ்த்துகள்.”

அங்கயற்கண்ணி இருக்கையிலிருந்து எழுந்தாள்.

“அதுக்குத் தன் பேரையே படிக்கத் தெரியலையே,” என்றாள்.

“குறைபாடுள்ள குழந்தைகள் இப்படிப் படிப்பதில்லை,” என்றது உளமானி. “நான் சான்றளித்த நூற்றுப் பதினெட்டுக் குழந்தைகளில் ஒருவர்கூட இப்படிப் படிக்கவில்லை.”

அது பொய் சொல்லவில்லை. பூமியிலிருந்து வந்தபோது அதனிடம் வேறு பட்டியல் இருந்தது. சான்றளித்த ஒவ்வொரு குழந்தையிடமிருந்தும் கற்றுக்கொண்டு பட்டியலைத் தானே திருத்திக்கொள்ளும்படி அதைச் செய்திருந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக அது கையேட்டை ஒப்பிக்கும் குழந்தைகளைப் பார்த்தது. அவர்களிடமிருந்து குறை என்றால் என்ன என்று கற்றுக்கொண்டது. கையேட்டில் கொம்பைப் பற்றி எதுவும் இல்லை.

எபினேசர் கையெழுத்துப் போட்டார். பிறகு தாயை வாசல்வரை கூட்டிவந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார். அவருடைய மகள் போன வருடம் தேர்வானவள்.

“எங்க பாப்பா பாஸாயிட்டா. அதாவது ஃபெயிலாயிட்டா,” என்றார். “ஆறு மாசம் ராப்பகலா உட்கார வச்சோம். உங்களுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு மறுதேர்வு இருக்கும்மா. அதுக்குள்ள கையேட்ட மனப்பாடம் பண்ண வச்சிருங்க.”

“அதப் படிக்கவே வராதே சார் இவளுக்கு.”

“அதான் சொல்றேன். முதல்ல நல்லாப் படிக்கக் கத்துக்கட்டும். அப்பத்தான் படிக்க வராதுன்னு காட்ட முடியும்.”

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது.

திரும்பும் வழியில் ஆசிரியர் அறை இருந்தது. கண்ணாடிச் சுவர். உள்ளே ஓர் இருக்கை காலியாக இருக்க, ஒன்பது குழந்தைகள் வட்டமாக உட்கார்ந்து தடித்த புத்தகங்களைத் தடங்கல் இல்லாமல் படித்துக்கொண்டிருந்தார்கள். எபினேசரின் மகளும் அதில் ஒருத்தி. ஆசிரியர் ஓரமாக நின்று நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு வேறு வேலை இல்லை. தேமொழி கண்ணாடியில் கையை வைத்தாள். நகவெட்டியிலிருந்து அவர் நிமிரவில்லை.

“இங்கதான நாளைக்கு?” என்று கேட்டாள்.

அங்கயற்கண்ணி அவள் கையை எடுத்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தேர்வுக்குத் தந்த விடுப்பு பத்து மணியோடு முடிகிறது. மணி பத்தாக நான்கு நிமிடம் இருந்தது.

கற்கூண்டுகளின் வரிசையில் முப்பத்தொன்றாம் கூண்டு திறந்து கிடந்தது. கதவின் மேல் பெயர்ப்பலகை ஒளிர்ந்தது. தேமொழி அதன்முன் நின்று விரலால் தொட்டுக்கொண்டே போனாள்.

“ஏத எமாழி,” என்றாள். “அங்கயும் இவதாம்மா இருந்தா. இவ வேற யாரோம்மா. இது எனக்கில்ல.”

“உன்னோடதுதான், போ,” என்றாள் தாய். “கொம்ப முதல்ல சொல்லாத. என்ன? கொம்பு வந்தா கொஞ்சம் பொறுத்துக்க.”

தேமொழி தலையாட்டினாள். உள்ளே போய் உட்கார்ந்து, சட்டைக் கழுத்தை வாயில் வைத்துக்கொண்டாள். திரை விழித்தது. வணக்கம் சொன்னது. அன்றைய கடைசி வரியை முன்கூட்டியே காட்டியது: ‘தேமொழி மேலே போனாள்.’

கதவு சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.