சாமியார் விட்ட ஏப்பம்

ட்ரிங்ங்ங்...!

ஸ்டேஷனில் டீயை வாயருகே கொண்டுபோன இன்ஸ்பெக்டர், டீக்கும் போனுக்கும் நடுவே ஒரு கணம் தவித்துவிட்டு, போனை எடுத்தார்.

டீ ஆறியது. அதற்கு இன்று யாரோ ஒருத்தன் அனுபவிக்கப் போகிறான்!

"சார்... எதிர் வீட்டுல குழி வெட்டறான்!"

"யாரும்மா?"

"அந்த வீட்டுப் பெரியவரோட அக்கா மகன். பெரிய்ய குழி!"

"பெரியவர் எங்கே?"



"அவரை அந்த வீட்டுல பார்த்து நாளாச்சு. நான் ரிடையர்டு டீச்சர். பொய் பேசிப் பழக்கமில்லை."

விலாசத்தைச் சொன்ன கையோடு... க்ளிக்!

"யோவ் ஏட்டு... ஜீப்பை எடு!"

வீட்டின் முன் தோட்டம். இடுப்பளவு குழிக்குள் நின்று மண்ணை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தான் மருமகன். சட்டையெல்லாம் சேறு. கண்ணெல்லாம் சிவப்பு.

குழி ஓரத்தில் கன்றுக்குட்டி சைஸில் ஒரு கிழட்டு நாய். கொட்டுகிற மண்ணை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தது.

"பட்டப்பகல்ல... முன் தோட்டத்துல... உனக்கு நெஞ்சழுத்தம்தான்டா!" என்றார் இன்ஸ்பெக்டர். "மாமா எங்கே?"

"முதியோர் இல்லத்துக்குப் போயிட்டார் சார். நான்தான் ஆட்டோவுல ஏத்தி விட்டேன்."

இன்ஸ்பெக்டர் அந்த இல்லத்துக்கு போன் போட்டார். பேசினார். வைத்தார்.

"அப்படி ஒருத்தர் வரவே இல்லையாம்!"

மண்வெட்டி நழுவி மருமகனின் காலிலேயே விழுந்தது. அவன் கத்தக்கூட மறந்தான்.

"வீடு யார் பேர்ல?"

"மாமா பேர்ல..."

"அவருக்கப்புறம்?"

"...என் பேர்ல."

"பேஷ்! ஏட்டு, விலங்கை எடு."

"சார், சார்! குழி மாமாவுக்கு இல்லை... நாய்க்கு!"

"அது உயிரோட உட்கார்ந்து என்னை முறைக்குதேடா!"

"இன்னிக்கோ நாளைக்கோ போயிடும் சார்..." மருமகன் தேம்பினான். "மாமா போலீஸ் நாய்ப் படையில இருந்தவர். திருடன் விஷம் வச்சிடக் கூடாதுன்னு, அவர் கையைத் தவிர யார் கையாலயும் சாப்பிடாம பழக்கிட்டார். யார் எதை நீட்டினாலும் ஆசைப்படாது, அதனாலதான் அதுக்கு சாமியார்னு பேரு. அவர் போனதுலேர்ந்து நான் வச்ச எதையும் தொடலை. ஈரல் வரைக்கும் வாங்கி வச்சேன் சார்!"

"குழி ஏன் இவ்வளவு நீளம்?"

"காலை நீட்டிப் படுத்தாத்தான் அதுக்குத் தூக்கம் வரும்..."

ஏட்டு பாக்கெட்டிலிருந்து பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். சாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவமானம் தாங்காமல் அதை ஏட்டே தின்றுவிட்டார்.

அப்போதுதான் அது கேட்டது.

ஏஏஏவ்...!

நீளமான, நிறைவான ஏப்பம்!

இருவரும் ஏட்டைப் பார்த்தார்கள்.

"ஒரே ஒரு பிஸ்கட் சார்... சத்தியமா நான் இல்லை!"

ஏஏஏவ்...!

சாமியார்!

இன்ஸ்பெக்டர் மண்டியிட்டு அதன் வாயருகே மூக்கைக் கொண்டுபோனார். சட்டென்று பின்வாங்கினார்.

"பட்டினி கிடக்கிற சாமியார் வாயில... முட்டை வாசனை!"

மருமகன் திருதிருவென விழித்தான்.

யார் கொடுத்தும் சாப்பிடாத நாய். அதன் வயிறோ மத்தளம்! அப்படியென்றால் அந்த ஒரே ஒரு கை... பக்கத்தில்தான் எங்கேயோ இருக்கிறது!

இன்ஸ்பெக்டர் எதிர் வீட்டை ஓரக்கண்ணால் பார்த்தார். மாடி ஜன்னலில் திரை லேசாக ஆடியது. காற்றே இல்லை.

தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

"ஏட்டு! நாயை ஜீப்புல ஏத்து! முக்கிய சாட்சி! வழக்கு முடியற வரைக்கும் ஸ்டேஷன்ல சங்கிலி போட்டுக் கட்டு!"

ஏட்டு கழுத்துப்பட்டையில் கை வைத்ததுதான் தாமதம்...

"தொட்டே... கையை முறிச்சுடுவேன்!"

அணிவகுப்பு மைதானத்துக் குரல்! மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. பெரியவர்! தோளில் சமையலறைத் துண்டு. கையில் தோசைக்கரண்டி. பின்னால் டீச்சர், தலையில் கை வைத்தபடி.

"மாமா...!" என்று அலறி, மருமகன் குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான்.

பெரியவர் மூச்சிரைக்க இறங்கி வந்தார். சாமியார் பாய்ந்து அவர் மேல் ஏறி, மூக்குக் கண்ணாடியை நக்கியது.

"ஆட்டோ தெருமுனை திரும்பறதுக்குள்ள இறங்கிட்டேன் சார். அந்த இல்லத்துல நாயைச் சேர்க்க மாட்டாங்களாம். இது இல்லாத இடத்துல எனக்கென்ன வேலை? டீச்சரம்மா இடம் கொடுத்தாங்க. விடியக்காலையில வந்து ஊட்டிட்டுப் போயிடுவேன். இந்தத் துரை எட்டு மணிக்குத்தானே கண்ணு முழிப்பான்!"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே மாமா!"

"இது இல்லாம போக மாட்டேன்னு சொன்னேன். நீ போனைப் பார்த்துக்கிட்டே தலையாட்டினே."



"இவரை ஒளிச்சு வச்சுக்கிட்டு நீங்களே ஏன் போலீஸைக் கூப்பிட்டீங்க டீச்சர்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"குழியைப் பார்த்ததும் இவருக்கு உயிரே போயிடுச்சு," என்றார் டீச்சர். "நாயை உயிரோட புதைக்கப் போறான்னு ஒரே புலம்பல். நாய்க்குன்னு சொன்னா வருவீங்களா சார்?"

வந்திருக்க மாட்டார். அதனால் மீசையைத் தடவிக்கொண்டார்.

மருமகன் குழியிலிருந்து ஏறி வந்தான்.

"மாமா... தப்புதான். நீங்களும் இதுவும் நம்ம வீட்டுலயே இருங்க. யாரும் எங்கேயும் போக வேண்டாம்."

பெரியவர் மனம் கனிந்து, நாயைத் திரும்பிப் பார்த்தார்.

நாயைக் காணோம்!

அது தெருவைக் கடந்து, டீச்சர் வீட்டு வாசலில் காலை நீட்டிப் படுத்திருந்தது. பெரியவர் விசிலடித்தார். அது ஒரு காதை மட்டும் ஆட்டியது. அவரும் தோசைக்கரண்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமே நடந்தார்.

இன்ஸ்பெக்டர் கண் சிமிட்டினார்.

"அப்போ டீச்சர்... ரெண்டு பேருக்கும் இனிமே உங்க வீட்டுலதான் இடமா?"

"நாய்க்கு உண்டு சார். கூட வந்தவரைப் பத்தித்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்!"