கதவைத் தேடுகிறவர்கள்

இன்னும் திறக்கப்படாத கடையில் யாரோ பொருள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பானுப்பிரியா முதலில் அதைத் தன் பிழை என்றே எண்ணினாள். பட்டாசுக் கம்பெனியின் வெளியூர் வியாபாரிகள் சரக்கின் பெயரைத் தட்டினால், அது எந்தக் கிடங்கில் இருக்கிறது என்று காட்டும் தேடல் நிரல் ஒன்றைச் சென்னையில் வாடகைக்கு எடுத்த ஜாவா சர்வரில் அவள் நிறுவிக்கொண்டிருந்தாள். அதன் முகவரி இன்னும் எவருக்கும் தரப்படவில்லை. சரக்கு விவரம் ஒன்றுகூட ஏற்றப்படவில்லை. ஆயினும், யார் எதைத் தேடினார் என்று சர்வர் தானாகவே எழுதிச் செல்லும் லாகில் வரிக்கு மேல் வரி விழுந்துகொண்டிருந்தது. தேடப்பட்ட சொல் உருத்தெரியாத குறிகளாகச் சிதைந்திருந்தது. கிடைத்தவை: பூஜ்யம். தேடியவரின் முகவரி இருக்கவேண்டிய இடத்தில் அந்தச் சர்வரின் முகவரியே இருந்தது.

வெளியிலிருந்து எவரும் கேட்கவில்லை. உள்ளேயிருந்து கேட்டார்கள்.

ஆனி மாதத்துப் பிற்பகல். மின்வெட்டு நேரமாதலால் முதலாளி அறையின் ஏசிக்காக மட்டும் பின்கட்டில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்க, மேசைக்கடியில் யூபிஎஸ் விட்டுவிட்டுக் கீச்சிட, ஆமத்தூர்ச் சாலையின் வெக்கையோடு ஜன்னல் வழியே வந்த கந்தக நெடியில் அன்று வேறொரு வாடையும் கலந்திருந்தது: தலைமுடி பொசுங்கும் வாடை.

"ஏத்தா பானு, இங்கன வந்து பாரு" என்றாள் ஆபீஸ் கூட்டும் பஞ்சம்மாள், ஈரத்துணியைச் சுவரில் அழுத்தியபடி. "காலையிலதான் தொடச்சேன். திரும்பவும் எவளோ பவுடர்க் கையை வச்சுட்டுப் போயிருக்கா. பெயிண்டடிச்ச சுவரு என்ன, அவ மாமியா வீட்டு முந்தானையா?"

அலுமினியப் பவுடர் படிந்த சாம்பல் நிற உள்ளங்கைத் தடங்கள். பட்டாசு மருந்து கலக்கும் மருந்தறையில் வேலை செய்கிறவர்களின் கை அப்படித்தான் இருக்கும். ஆனால் அவர்கள் எவரும் ஆபீசுக்குள் வருவதில்லை.

"அதுலயும் ஒரு கூத்தப் பாரேன்" என்றாள் பஞ்சம்மாள். "சுவரு பூராத் தடவியிருக்காளுக. கதவு இருக்குற பக்கம் மட்டும் ஒரு கையும் இல்ல. கண்ணு அவிஞ்ச கழுதைக!"

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பானு சிரிக்கவில்லை. தமிழ்ச் சொற்கள் சிதையாமல் இருக்கவேண்டுமானால் சர்வரின் அமைப்புக் கோப்பில் எழுத்துக்குறியீட்டைக் குறிப்பிட வேண்டும். வாடகைச் சர்வராதலால் அதைச் சென்னைக்காரர்கள்தாம் செய்ய முடியும். அவள் தொலைபேசியை எடுத்தாள்.

"மாத்தி ரீஸ்டார்ட் பண்ணிட்டேன் மேடம்" என்றான் சென்னைச் சர்வர் கம்பெனியின் பிரபாகரன், சற்று நேரத்தில். "ஒண்ணு கேக்கலாமா? உங்க சர்வரை யாரும் வெளியிலேர்ந்து தொடவே இல்லையே. அப்புறம் யார் இவ்ளோ தேடுறாங்க?"

அவள் லாகைத் திறந்தாள். திரையில் குறிகள் எழுத்துகளாகியிருந்தன.

கதவு. கிடைத்தவை: பூஜ்யம்.

கதவு. பூஜ்யம்.

கதவு எங்க. பூஜ்யம்.

சென்ற தீபாவளிச் சீசனில் ஏழாம் மருந்தறை வெடித்தது. நாலு பக்கமும் கதவுகள் திறந்திருந்தன, உள்ளே நாலு பேர்தான் இருந்தார்கள் என்று கம்பெனி எழுதிக்கொடுத்தது. அறைக்கு நாலு பேர் என்பது சட்டம். ஐந்தாவதாக உட்கார்ந்திருந்தவள் பானுவின் அக்காள் ரோஜா. அடையாளம் காட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. அவள் அன்று வேலைக்கே வரவில்லை, எவனோடோ ஓடிப்போனாள் என்று கம்பெனி சொன்னது. ஊரும் அதையே சொன்னது. தங்கைக்கு ஆபீசில் ஒரு நாற்காலி கிடைத்தது. அக்காளின் பெயரை மீட்கும் ஒரு சான்று என்றாவது கிட்டும் என்பதற்காகவே அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

புதிய வரி விழுந்தது.

பானு கதவு எங்க.

"என்ன புள்ள, பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

முதலாளி வேலுச்சாமி பின்னால் நின்றிருந்தார். திரையைப் படித்தார். அவருடைய மூச்சு ஒரு கணம் நின்றது அவளுடைய பிடரிக்குத் தெரிந்தது.

"எவனோ வெளாடுறான். அம்புட்டையும் அழிச்சிரு."

"அழிக்க மாட்டேன்."

"என்ன சொன்ன?"

"ஏழாம் ரூம் கதவுகள எத வச்சு அடைச்சீக மொதலாளி? லோடு ஏத்த வேண்டிய பெட்டிகளா?"

"ஏ புள்ள, வேலை குடுத்த எடத்துல நின்னு பேசுற பேச்சா இது? நாலு கதவும் தொறந்து கெடந்துச்சு. ஒங்கக்கா அன்னைக்கு வரவேயில்ல. எவன் வீட்டுல சோறு பொங்குறாளோ, அங்க போய்த் தேடு."

"இந்தா வந்திருக்கா. நீங்களே பாத்துட்டீக."

"நீ நாளையில இருந்து வர வேணாம். நானே சென்னைக்குப் போனப் போட்டு எல்லாத்தையும் மூடச் சொல்றேன்."

அவர் தம் அறைக்குள் சென்றார். மங்கல் கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது.

பானு விசைப்பலகையை அருகே இழுத்தாள். தட்டினாள். சரக்கு விவரம் ஏற்றும் கட்டளை. முதல் சரக்கு.

பெயர்: கதவு. இருப்பிடம்: முதலாளி அறை.

ஏற்றினாள். உறுதி செய்தாள்.

கதவு. கிடைத்தவை: ஒன்று.

அதோடு லாக் நின்றது.

யூபிஎஸ் ஓய்ந்தது. ஜெனரேட்டரும். திரை மட்டும் அணையவில்லை. பொசுங்கிய வாடை அறையை நிறைத்தது. எதிர்ச்சுவரில், பஞ்சம்மாள் துடைத்த ஈரம் காயாத இடத்தில், ஒரு சாம்பல் உள்ளங்கை பதிந்தது. ஆள் இல்லை. அடுத்தது, ஒரு முழம் தள்ளி. அடுத்தது. அவை இப்போது தடவித் திரியவில்லை. நேரே போயின.

கண்ணாடியில் ஒரு கை. இரண்டு. நான்கு. எட்டு.

"யாரு?" என்றார் உள்ளேயிருந்து முதலாளி. "பானு, யாரு அங்கன?"

பின்னும் இரண்டு. அவற்றுள் ஒன்றின் சுண்டுவிரல் உட்புறம் வளைந்திருந்தது. சிறுவயதில் தீப்பெட்டி ஆபீசில் குச்சியடுக்கும் சட்டத்தில் நசுங்கிய அக்காளின் விரல். அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் பானு நடை பழகினாள்.

அவள் எழவில்லை. குரல் மட்டும் எழுந்தது.

"நாலு பேர்தானான்னு எண்ணிப் பாருங்க மொதலாளி."

கைப்பிடி திரும்பியது. கதவு திறந்தது. மெல்ல மூடிக்கொண்டது.

வெளிப்புறத் தடங்கள் ஒவ்வொன்றாய் மறைந்தன. உட்புறம் தோன்றின.

பிறகு கண்ணாடிக்கு அப்பால் வேறொரு கை. பவுடர் படியாத, வேர்த்த, பருத்த கை. அது கண்ணாடியை அறைந்தது. தடவியது. கீழே. மேலே. கைப்பிடியின் மீதே ஊர்ந்து சென்றது. அதைக் கண்டுகொள்ளவில்லை. திரும்பி வந்தது. மறுபடியும் அதன் மீதே ஊர்ந்தது.

"கதவு எங்க?" என்றது அவருடைய குரல். "கதவு எங்க?"

திரையில் ஒரு புதிய வரி விழுந்தது. கிடைத்தவை: பூஜ்யம்.